பத்தாவது கேள்வி

அந்தப் பென்சிலை ஒரு துண்டு பேண்டேஜ் துணியால் அட்டையோடு கட்டியிருந்தார்கள். முனை மழுங்கி, எழுத்து தடித்து விழும். பின்பக்கத்து ரப்பர் தேய்ந்து, தகரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால் அழித்தால் தாள் கிழியும். அட்டையில் செருகியிருந்த தாளில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பூஜ்யத்திலிருந்து நான்கு வரை எண்கள். சிறிதும் இல்லை என்றால் பூஜ்யம், மிக அதிகம் என்றால் நான்கு. கடந்த ஒரு மாதத்தில் இவை உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தன என்று நாமே நினைத்துப் பார்த்து, பொருந்தும் எண்ணை வட்டம் போட்டுச் சுழிக்க வேண்டும். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி மருத்துவமனையின் நீண்ட நடையில், சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில், நானும் என் ஓரகத்தியும் ஆளுக்கொரு அட்டையோடு உட்கார்ந்திருந்தோம். என் மடியில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டரை வயது. அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே பார்த்துக்கொண்டேன்.

ஓரகத்தி என்பது உறவின் பெயர்தான். வாயால் கூப்பிடுவது அக்கா என்று. என் கணவரின் அண்ணன் மனைவி. திருமுல்லைவாயிலில் ஒரே வீட்டில் அவர்கள் மாடியிலும் நாங்கள் கீழேயும் இருந்தோம். நான் பி.காம். படித்தவள். அக்கா எட்டாவதோடு நின்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைகளின் நூல் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்தவள். எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். வங்கி, ரேஷன், அவள் மகளின் பள்ளிக்கூடம், எல்லாமே. எழுதும் வேலை வந்தால் அவள் என்னைப் பார்ப்பாள், நான் பேனாவை எடுப்பேன். அந்தப் பழக்கம்தான் அன்று எங்கள் இரண்டு பேரையும் கெடுத்தது.

நடந்தது இரண்டு மாதத்துக்கு முன். கோடையில் தண்ணீர் லாரி வரும் நாள். வீட்டின் பக்கச் சந்தில் தரைக்கு அடியில் தொட்டி இருக்கிறது. சம்ப் என்போம். லாரி வந்தால் இரும்பு மூடியைத் தள்ளி வைத்து, குழாயை உள்ளே விடுவார்கள். நிரம்பியதும் மூடியை இழுத்து மூடுவது கீழே இருக்கும் என் வேலை. மாடியில் இருக்கும் ஸ்விட்சைப் போட்டு மோட்டாரை ஓடவிடுவது அக்காவின் வேலை. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, அப்படியே நடந்து வந்தது. அன்று அக்காவுக்கு வார விடுமுறை. லாரி போன பிறகு அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்து உள்ளே ஓடினேன். பாலை இறக்கினேன். சிந்தியதைத் துணி எடுத்துத் துடைத்தேன். அந்தத் துணியை அலசிப் பிழிந்து கம்பியில்கூடப் போட்டேன். இன்றும் அந்தத் துணியை அலசிய நேரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"டீ! புள்ளடீ! புள்ள!" என்று அக்காவின் குரல் கேட்டது. அது சந்திலிருந்து வரவில்லை, தரைக்கு அடியிலிருந்து வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுப் படியிறங்கியவள், தொட்டித் தண்ணீரில் என் மகனுடைய சிவப்பு டம்ளர் மிதப்பதைப் பார்த்திருக்கிறாள். நீச்சல் தெரியாது. புடவையோடு குதித்துவிட்டாள். தொட்டியின் உள்சுவரில் பதித்திருந்த இரும்புப் படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவன் உதடு நீலமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ எடுத்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நுரையீரல் நன்றாக இருக்கிறது, பயமில்லை, கூட்டிப்போங்கள் என்றார்கள்.

பயமில்லை என்று அவர்கள் சொன்னது பிள்ளையின் உடம்பை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பயம் ஆரம்பித்தது. மூடியின் மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தேன். வைத்துவிட்டு உள்ளே வந்து, வைத்தேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பால் பொங்கும் வாசனை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுச் சந்துக்கு ஓடுவேன். ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். மூடியை யார் மூடாமல் விட்டது என்ற கேள்வியை வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கணவர் கேட்கவில்லை, அக்காவின் கணவர் கேட்கவில்லை. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். யாராவது கேட்டுவிடுவார்களோ என்றும் பயம், கேட்காமலேயே எல்லோருக்கும் தெரியுமோ என்றும் பயம்.

மறுபரிசோதனைக்குப் போனபோது, பிள்ளையை மடியிலிருந்து இறக்கி எடை மேடையில் வைக்கவே மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததைக் குழந்தை மருத்துவர் கவனித்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, என்னையும் கூட வந்த அக்காவையும் மனநல ஆலோசனைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். அன்று சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அட்டைகளைக் கொடுத்து, "நிதானமா படிச்சு, உங்க மனசுக்குப் படறதைப் போடுங்க. இதுல சரி தப்பு கிடையாது" என்றார்.

சரி தப்பு இல்லாத கேள்வித்தாளை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. முதல் கேள்விக்கே இரண்டா மூன்றா என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மூன்று போட்டால் மிகைப்படுத்துகிறேனோ, இரண்டு போட்டால் மறைக்கிறேனோ. நான்கு நான்காகப் போட்டால், இவளிடம் பிள்ளையை விடலாமா என்று யாராவது யோசிப்பார்களோ. சுழித்து, அழித்து, தாளைக் கிழித்து ஒரு வழியாக முடித்தேன். அதற்குள் அக்கா தன் அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"எனுக்கு கண்ணாடி ஊட்ல கீது. நீ படி, நா சொல்றத போட்டுக்கினே வா."

"உங்களையே எழுதச் சொன்னாங்கக்கா."

"நா சொல்லி நீ எய்தினா அது நா எய்தினதுதான். இருவது கேள்வியாமே! பாஸ் பண்ணா இன்னா குடுப்பாங்க, மிக்ஸியா?"

படிக்க ஆரம்பித்தேன். வேண்டாத நினைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்றேன். "வேல சரியா கீது, நெனைக்க எங்க நேரம்? ஜீரோ போடு." கெட்ட கனவு? "ஷிப்ட்டு முட்சிட்டு வந்தா கட்ட மாரி தூங்கறேன். ஜீரோ." சம்பவத்தை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா? "நா இன்னாத்துக்கு ஒதுங்கணும்? நம்ம ஊடு, நம்ம தொட்டி." அந்த இரண்டு மாதத்தில் அவள் ஒருமுறைகூடச் சந்துப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. அங்கே காயும் துணியை எடுக்க மகளை அனுப்புவாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னதை எழுதுவதுதானே என் வேலை. பூஜ்யத்தைச் சுழித்தேன். ஒன்றைச் சுத்தமாகத் தவிர்த்துவிட்டவருக்கு அது தொந்தரவாகவே தெரியாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பிறகு பத்தாவது கேள்வி. நடந்ததற்காகவோ அதன்பின் ஆனதற்காகவோ உங்களையோ வேறொருவரையோ குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா?

வீட்டில் யாரும் கேட்காத கேள்வி, அச்சடித்த எழுத்தில் இருந்தது. அதற்கு என் தாளில் நான்கைச் சுழித்திருந்தேன். அந்த ஒன்றுக்குத்தான் யோசிக்கவே இல்லை. இப்போது அதை அக்காவிடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்தால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். ஆமாம், இவளைத்தான், பாலைப் பார்க்கப் போனாளே இவளைத்தான் என்பாள். அல்லது ஒன்றும் சொல்லாமல், போடு நாலு என்பாள். என் கையாலேயே அதை நான் சுழிக்க வேண்டியிருக்கும். மகனின் தலையைச் சரி செய்வதுபோலக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பதினோராவது கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் எண்ணிக்கொண்டா இருந்தாள், அவளுக்குத் தெரியவில்லை. பத்தாவதில் நானாகவே பூஜ்யத்தைச் சுழித்தேன்.

ஒன்றில் கை வைத்துவிட்டதால் மற்ற பதில்களில் அவளைத் திருத்தும் தைரியமும் போய்விட்டது. திடுக்கிடுதல் பற்றிய கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தபோது, நடையைத் துடைக்கும் அம்மாள் இரும்பு வாளியைத் தரையில் ணங்கென்று வைத்தார். அக்கா துள்ளி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. மூச்சு வாங்கினாள். "இதுக்கு என்ன போட?" என்றேன். "அதெல்லாம் இல்ல, ஜீரோ" என்றாள். அவள் நகம் என் கையில் இருக்கும்போதே பூஜ்யம் போட்டேன்.

மேடம் இரண்டையும் கூட்டினார். என் எண் பெரிதாக வந்தது. அக்காவுடையது மிகச் சின்னது. "இவளப் பாருங்க மேடம். பூன மாரி பம்மிப் பம்மி மூடியவே பாத்துக்கினு கீறா. எனுக்கு ஒண்ணியும் இல்ல" என்று அக்கா சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கேட்டார். "இதை அவங்களே எழுதினாங்களா?"

"அவங்க சொன்னாங்க, நான் போட்டேன்."

"அடுத்த தடவை தனியா எழுதட்டும். வீட்டாளுங்களை வெச்சுக்கிட்டுச் சில பதில் வராது. இந்த எண்ணை மட்டும் வெச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்ல. ஆனா எழுதறவங்க எழுதினாத்தான் இது உதவும். அடுத்த மாசம் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

தலையாட்டினேன். கூட்டிப்போகவில்லை, நான் மட்டும் மாதாமாதம் போய்வந்தேன். கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்று அவள் சொன்னதை உடனே ஒப்புக்கொண்டேன். மறுமுறை அவள் எழுதினால் பத்தாவது கேள்வியைப் பார்ப்பாள். போன தடவை இது இல்லையே என்பாள். அதுதான் என் பயம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டபோதும், கோபப்பட்டேன், ஜெபம் சொல்ல மறந்தேன் என்றெல்லாம் சொன்னேனே தவிர, இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு கேள்வியைப் படிக்காமல் விடுவது பாவமா, பத்துக் கட்டளைகளில் எதில் வரும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அந்தக் கோயிலில்தான் முதலில் கவனித்தேன். வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கிறது. உள்ளே போகும் எல்லோரும் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அக்கா தொட்டியின் மேலே கையைக் கொண்டுபோவாள், தொடமாட்டாள். உலர்ந்த விரலால் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அதன்பின் என் மகனைத் தூக்குவதை நிறுத்தினாள். முன்பெல்லாம் வேலையிலிருந்து வந்ததும் "எங்கடா என் நைனா" என்று இடுப்பில் ஏற்றிக்கொள்வாள். இப்போது அவன் பெரியம்மாவை "பெய்ம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினால், படியில் நின்றபடியே, "தோ வரேன், போ, உங்கம்மாகிட்ட போ" என்பாள். நான் அதற்கு என்ன அர்த்தம் செய்துகொண்டேன் என்றால், அவள் என்னை வெறுக்கிறாள். இவளால்தான் ஆச்சு, இவள் பிள்ளை எனக்கு எதற்கு என்று நினைக்கிறாள். அதனால் அவனை மாடிக்கு அனுப்புவதையும் நிறுத்தினேன். எனக்கு ஒவ்வொரு மாதமும் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தலைக்குமேல் மாடியில் ஒருத்திக்குப் பயம் ஏறிக்கொண்டே போனது. அவளுக்குத் தாளும் இல்லை, எண்ணும் இல்லை.

ஒருநாள் பகலில் அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். "கேண்டீன்ல கை கழுவற தொட்டி அடச்சிக்கினு தண்ணி ரொம்பி நின்னிச்சி. அதுல யாரோ டம்ளர போட்டுட்டாங்க. செவப்பு டம்ளர். அத்த பாத்துட்டு அக்கா கத்திச்சி பாரு... டேபிளுக்கு அடில போயி குந்திக்கினு புள்ள புள்ளன்றாங்க. எய்ந்து வரவே மாட்டேன்றாங்க. சூப்பர்வைசரு ஒரு வாரம் ஊட்ல இருக்க சொல்லிட்டாரு." அக்கா படியேறினாள். முழங்கைகள் சிராய்த்திருந்தன. புடவை முந்தானையில் மேசைக்கடித் தூசு.

சிவப்பு டம்ளர். மாதக்கணக்கில் அது அவளுக்குள் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. நான் பூஜ்யம் பூஜ்யமாகச் சுழித்திருக்கிறேன்.

மறுநாள் காலை பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போனேன். அக்கா படிக்கட்டின் மேல்முனையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒரு கேள்வியை நான் உங்ககிட்ட படிக்கவே இல்ல. நானே ஜீரோ போட்டுட்டேன்."

"இன்னா கேள்வி?"

மனப்பாடமாக இருந்தது. சொன்னேன். அவள் தன் சிராய்த்த முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"கேட்ருந்தா நா இன்னா சொல்லிருப்பேன்னு நெனச்ச?"

"என்னைத்தான் சொல்லியிருப்பீங்க. மூடாம போனது நான்தானே."

"லூசாடி நீ?" என்றாள். "நீ பாலு பாக்கப் போனப்போ நா அங்கதான நின்னேன். தண்ணி எவ்ளோ கீதுன்னு குனிஞ்சி பாத்தேன். பாத்துட்டு அப்டியே மோட்டர் போட மேல போனேன். கடைசியா இருந்தது நானு. கால்ல தள்ளினா மூடிக்கப் போவுது. தள்ளல. அந்தப் புள்ளைய எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நா தூக்கறது?"

"மூடறது என் வேலைக்கா."

"வேலையாவது! யார்ரீ உனுக்கு எய்தி குடுத்தது?"

"நீங்க அங்க நின்னதே எனக்குத் தெரியாது. நான் பாத்திருக்கணும்."

"நீ இன்னாத்த பாத்த, நா சொல்றேன் கேளு..."

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால் இரண்டு ஓரகத்திகள் வழக்கம்போலச் சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். தப்பு என்னுடையது, இல்லை என்னுடையது என்று நாங்கள் குரலுயர்த்திக்கொண்டிருந்தோம். ஒன்றை எழுதத்தான் வேண்டும். கடைசியாக நின்றது அவள் என்று கேட்ட அந்தக் கணத்தில் என் மனத்துக்குள் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. அப்பாடா, நான் மட்டும் இல்லை என்று. அந்த ஆறுதலை நினைத்து இன்றும் கூசுகிறேன். என் பிள்ளைக்காக நீச்சல் தெரியாமலேயே தண்ணீரில் குதித்தவள் அவள்.

அந்த வாரமே அவளை அழைத்துப் போனேன். மூக்குக் கண்ணாடியை நானே என் பையில் எடுத்து வைத்தேன். மேடத்திடம், போன தடவை ஒரு கேள்வியை நான் படிக்கவில்லை என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "இப்ப சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லி, அட்டையை அக்கா கையில் கொடுத்தார். என்னைப் பிள்ளையோடு மருந்துக் கடைப் பக்கம் போய் உட்காரச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தேன். அக்கா ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து, உதடு அசைய, தனக்குத்தானே படித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. ஓர் இடத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, பென்சிலை அழுத்திச் சுழித்தாள். அவள் எண் என்ன என்று மேடம் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாரம் ஒருநாள் அவளை வரச் சொன்னார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "பத்தாவதுக்கு நீ இன்னா போட்ட?"

"நாலு."

"நானும் அதான்" என்றாள். திருவேற்காடு தாண்டியது. பிறகு, என் மடியிலிருந்த பிள்ளையின் காலை மட்டும் மெல்ல இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். தலை என் மடியில், கால் அவள் மடியில் என்று அவன் ஊர்வரை தூங்கினான்.

இப்போது அவன் யு.கே.ஜி. போகிறான். தொட்டிக்குப் பூட்டுப் போட்ட புது மூடி வந்துவிட்டது. ஆனாலும் இழுத்துப் பார்க்காமல் என்னால் சந்தைக் கடக்க முடிவதில்லை. பயம் குறைந்திருக்கிறது, போகவில்லை. அக்காவை, தேவைப்பட்டால் வாருங்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். போன ஈஸ்டருக்குத் தீர்த்தத் தொட்டியில் விரல் நுனியை நனைத்தாள். ஒரு நுனிதான். பார்க்காததுபோல நான் முன்னே நடந்தேன்.

நான் இன்னும் சில மாதங்களுக்கு ஒருமுறை போகிறேன். சென்ற முறையும் அதே நடை, அதே பெஞ்ச், அட்டையோடு பேண்டேஜ் துணியில் கட்டிய பென்சில். பழைய பென்சிலாக இருக்காது, ஆனால் முனை அதே மழுங்கல்தான். பத்தாவது கேள்விக்கு வந்ததும் கை நின்றது. இரண்டா, ஒன்றா? ஒன்று போட்டால் நடந்ததை மறந்துவிட்டவள் ஆவேனோ? கதவுப் பக்கம் பார்த்தேன். பிள்ளை எங்கே என்று நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது. வெளியே வெயிலில், இவ்வளவு வளர்ந்தவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, சீக்கிரம் எழுது என்று கையை ஆட்டினாள்.

இரண்டைச் சுழித்தேன். அழிக்கவில்லை.